தொலைவில் உள்ள கணினியைப் பாதுகாப்புச் சேவையிலிருந்து நீக்கும்போது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

அலுவலக மேசையில் இருக்கும் கணினியை ஒரு நெட்வொர்க் பாதுகாப்புச் சேவையிலிருந்து விடுவிப்பது சிறிய வேலை. ஏதாவது தவறினால் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதே கணினி வேறு ஊரில் ஓர் ஊழியரின் வீட்டில் இருந்தால், தவறிய ஒரு படி அவருடைய ஒரு நாள் வேலையை விழுங்கிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்வோர் பெருகிய பிறகு இந்தப் பழுது எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆபத்தான தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் வடிகட்டி, அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன், ஆன்டிவைரஸ் என்று சேவை எதுவாக இருந்தாலும் பழுதின் வடிவங்கள் சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை வரிசை மாறியதால் வருபவை.

வரிசை இதுதான்: முதலில் கணினியில் ஓடும் ஏஜென்ட்டை, அதாவது அந்தச் சேவையின் மென்பொருளை, நீக்க வேண்டும், அது போய்விட்டதையும் இணையம் வேலை செய்வதையும் அந்த ஊழியரோடு பேசி உறுதிசெய்ய வேண்டும், அதன் பிறகே சேவையின் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டில் உள்ள கணினியின் பெயரை அழிக்க வேண்டும். கணினி திருடுபோயிருந்தாலோ, வேலையை விட்டுப்போனவர் அதைத் திருப்பித் தர மறுத்தாலோ மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். அப்போது டாஷ்போர்டிலிருந்து அணுகலைத் துண்டிப்பதுதான் முதல் வேலை.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, அந்த ஊழியரின் செல்பேசி எண். நீங்கள் அந்தக் கணினிக்குள் நுழைந்திருப்பதே நீக்கப்போகும் விபிஎன் வழியாகத்தான் என்றால், அது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. இணைப்பு போனதும் பேச வேறு வழி வேண்டும். இரண்டு, அந்தக் கணினியின் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு, அதாவது 48 இலக்க எண். விண்டோஸ் அடிப்படைக் கூறுகளோடு மட்டும் எழும் சேஃப் மோடுக்குப் போக நேர்ந்தால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, சேஃப் மோடில் ஒரு கோப்பை அழித்தால் போதும் என்று தெரிந்த பிறகும் பல இடங்களில் மீட்பு தாமதமானதற்கு இந்தக் குறியீட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

## நீக்கிய பிறகு இணையமே வரவில்லை

அதிகம் வரும் அழைப்பு இது. “சார், வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை” என்பார்கள். பதற வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தொலைபேசியிலேயே சரிசெய்துவிடலாம்.

முதல் சோதனை: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பிங் 8.8.8.8’ கொடுக்கச் சொல்லுங்கள்.

‘ரிப்ளை ஃப்ரம் 8.8.8.8’ என்று பதில் வருகிறது என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் உடைந்திருக்கும். டிஎன்எஸ் வடிகட்டும் ஏஜென்ட்டுகளில் பல, கணினியின் டிஎன்எஸ் முகவரியை, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்று மாற்றிவைத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளையும் தாமே வாங்கிச் சேவைக்கு அனுப்பும். சிஸ்கோ அம்ப்ரெல்லாவின் பழைய ரோமிங் கிளையன்ட் இப்படித்தான் இயங்கியது. அதற்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், இன்னும் அதை வைத்திருப்பவர்கள் நீக்க வேண்டியிருக்கிறது. முறையாக நீக்கினால் ஏஜென்ட் பழைய முகவரியைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும். நடுவில் மின்சாரம் போனாலோ, யாராவது கோப்புறையைக் கையால் அழித்தாலோ, 127.0.0.1 அப்படியே நின்றுவிடும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, வரும் பெட்டியில் என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். நெட்வொர்க் இணைப்புகள் திறக்கும். வைஃபை மீது வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4. அங்கே டிஎன்எஸ் கட்டத்தில் 127.0.0.1 இருந்தால், ‘தானாகப் பெறு’ என்னும் தேர்வுக்கு மாற்றினால் போதும். அதே பட்டியலில் வெர்ஷன் 6-ஐயும் திறந்து பாருங்கள். அங்கே இரட்டைப் புள்ளிகளோடு ஒரு ‘1’ மட்டும் (::1) இருந்தால் அதுவும் அதே எச்சம்தான். பலர் 4-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு, சில தளங்கள் வருகின்றன, சில வரவில்லை என்று திரும்ப அழைப்பார்கள்.

ஊழியரிடம் நிர்வாகி உரிமை இல்லையென்றால் இந்தக் கட்டத்தை அவரால் மாற்ற முடியாது. அவருடைய இணையம் போனதால் நீங்களும் உள்ளே போக முடியாது. இந்த முட்டுச்சந்தில் ஆண்ட்ராய்டு கைபேசியும் ஒரு யூஎஸ்பி கம்பியும் கைகொடுக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியைக் கம்பியால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் அடாப்டராகப் பார்க்கும். ஏஜென்ட் இறந்துவிட்டதால் அந்த அடாப்டரின் டிஎன்எஸ்ஸை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். இணையம் வந்துவிடும், நீங்கள் தொலைவிலிருந்து உள்ளே போய் மற்றதைச் சரிசெய்யலாம். கைபேசியின் வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்கு இந்தப் பலன் கிடையாது. அது அதே பழைய வைஃபை அடாப்டர் வழியாகத்தான் வரும்.

பிங்குக்குப் பதில் வருகிறது, டிஎன்எஸ்ஸும் சரியாக இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ப்ராக்ஸியைப் பாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பிரிவுக்குள் ப்ராக்ஸி இருக்கும். அங்கே தானியங்கி ஸ்கிரிப்ட் முகவரி ஒன்று நிரப்பப்பட்டிருந்தால் அது பழைய சேவை விட்டுச்சென்றது. ஃபயர்பாக்ஸில் தனியாக ஒரு ப்ராக்ஸி அமைப்பு உண்டு. குரோமில் வந்து ஃபயர்பாக்ஸில் வராவிட்டால் அங்கே தேடுங்கள். வெளித்தளங்கள் வருகின்றன, அலுவலக உள்தளங்கள் மட்டும் வரவில்லையென்றால் விண்டோஸின் என்ஆர்பிடி அட்டவணையில் பழைய விதி தங்கியிருக்கலாம். குறிப்பிட்ட பெயர்களுக்குக் குறிப்பிட்ட டிஎன்எஸ் என்று வைக்கும் அட்டவணை அது. அதைத் திருத்துவது நிர்வாகியின் வேலை, ஊழியரிடம் சொல்லிச் செய்விக்காதீர்கள்.

பிங்குக்கும் பதில் இல்லை என்றால் வீட்டு ரூட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று அவருடைய கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைபேசியில் வந்து கணினியில் வராவிட்டால், விபிஎன் இல்லாதபோது இணையத்தைத் தடுக்கும் அதன் ‘கில் சுவிட்ச்’ இன்னும் பூட்டிவைத்திருக்கலாம், அல்லது ஏஜென்ட்டின் வடிகட்டி டிரைவர் அடாப்டரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முன்பு திறந்த அதே ப்ராப்பர்டீஸ் பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு ஓர் உருப்படி இருந்தால் அதன் குறியை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். கடைசி வழி விண்டோஸின் ‘நெட்வொர்க் ரீசெட்’. அது எல்லா அடாப்டர்களையும் பிடுங்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை விவரங்கள் போகலாம், மற்ற விபிஎன்களையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். வைஃபை கடவுச்சொல் ஊழியருக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே அதைத் தொடுங்கள்.

மேக் கணினியில் பெரும்பாலும் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டதுதான் காரணமாக இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் விபிஎன், ஃபில்டர் என்னும் பிரிவைப் பாருங்கள். பழைய வடிகட்டி அங்கே இருந்தால், சேவை நிறுவனத்தின் அன்இன்ஸ்டாலரையே மறுபடி இறக்கி ஓட்டுவது சுத்தமான வழி. அந்த வடிகட்டி, அலுவலகக் கணினிகளைத் தொலைவிலிருந்து ஆளும் நிர்வாகச் சேவை வழியாக வந்த சுயவிவரமாக இருந்தால் ஊழியரால் அழிக்க முடியாது, அங்கிருந்துதான் திரும்பப் பெற வேண்டும்.

எப்போது ஆளை அனுப்புவது? நெட்வொர்க் ரீசெட்டுக்குப் பிறகும் பிங் பதில் தராவிட்டால் தொலைபேசியில் இழுத்தடிக்காதீர்கள். கணினியைக் கூரியரில் வரவழைப்பதோ, அவர் ஊரில் நம்பகமான சேவையாளரிடம் அனுப்புவதோ இருவருக்கும் நல்லது.

## பக்கம் திறக்கிறது, ஆனால் எங்கும் சான்றிதழ் எச்சரிக்கை

சில சேவைகள் மறையாக்கிய போக்குவரத்தைத் திறந்து பார்க்கத் தங்கள் மூலச் சான்றிதழை, அதாவது தாங்கள் வழங்கும் சான்றிதழ்களை நம்பவைக்கும் கோப்பை, கணினியில் வைக்கும். ஏஜென்ட்டோடு சான்றிதழும் போய்விட்டது, ஆனால் போக்குவரத்து இன்னும் அந்தச் சேவை வழியாகவே போகிறது என்றால் ஒவ்வொரு தளமும் எச்சரிக்கும். எச்சரிக்கையைத் திறந்து சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். சேவையின் பெயர் இருந்தால் ப்ராக்ஸியையோ அலுவலக விபிஎன்னையோ விடுவித்தால் தீரும். தெரியாத பெயர் இருந்தால் நிறுத்திவிட்டு உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் “பரவாயில்லை, தொடர்க என்பதை அழுத்துங்கள்” என்று மட்டும் ஊழியரிடம் சொல்லாதீர்கள். இன்று பழகுவதை அவர் நாளை வங்கித் தளத்திலும் செய்வார்.

## டாஷ்போர்டில் அழித்தேன், மறுபடி முளைத்து நிற்கிறது

முதலில் ‘கடைசியாகத் தொடர்புகொண்ட நேரம்’ என்னும் நெடுவரிசையைப் பாருங்கள். நீங்கள் அழித்த நேரத்துக்குப் பின்னால் இருந்தால் அந்தக் கணினியில் ஏஜென்ட் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது சேவையைத் தொடர்புகொள்ளும்போது தன்னைப் புதிதாகப் பதிந்துகொள்கிறது. ஏஜென்ட்டை நீக்குங்கள், பிறகு பெயரை அழியுங்கள், தீர்ந்தது.

ஏஜென்ட்டை நீக்கிய பிறகும் சில மணி நேரத்திலோ மறுநாளோ திரும்ப வந்தால், யாரோ அதை மறுபடி நிறுவுகிறார்கள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் இன்டியூன் போன்ற நிர்வாகச் சேவை, அல்லது அலுவலகக் கணினிகளுக்கு விதிகளை அனுப்பும் குரூப் பாலிசியில் உள்ள தொடக்க ஸ்கிரிப்ட். ‘கட்டாயம் நிறுவு’ என்று ஒதுக்கிய குழுவில் கணினி இருக்கும்வரை நீங்கள் நீக்க நீக்க அது நிறுவிக்கொண்டே இருக்கும். முதலில் கணினியை அந்தக் குழுவிலிருந்து எடுங்கள். மாற்றம் கணினிக்குப் போய்ச் சேர நேரம் கொடுங்கள். பிறகு ஏஜென்ட்டை நீக்குங்கள்.

மூன்றாவது காரணம் அரிது, ஆனால் வந்தால் குழப்பும். ஏஜென்ட் நிறுவிய ஒரு வட்டை நகலெடுத்துப் பல கணினிகளுக்குப் போட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். டாஷ்போர்டில் ஒரே வரி இருக்கும். அதில் கணினிப் பெயர் மட்டும் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று மாறிக்கொண்டிருக்கும். அந்த வரியை அழித்தால் நீங்கள் நீக்க நினைக்காத கணினியும் பாதுகாப்பை இழக்கும். இங்கே கை வைக்காமல் சேவை நிறுவனத்தின் உதவிக் குழுவைக் கேளுங்கள். அடையாளத்தைப் புதுப்பிக்கும் முறை சேவைக்குச் சேவை மாறும்.

## நீக்கு பொத்தான் மங்கலாக இருக்கிறது

பெரும்பாலும் உங்கள் கணக்குக்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருக்கும். இல்லையென்றால் அந்தக் கணினி, அலுவலகப் பயனர்களையும் கணினிகளையும் பட்டியலிடும் ஆக்டிவ் டைரக்டரி போன்ற மூலத்திலிருந்து ஒத்திசைந்து வந்ததாக இருக்கலாம். அங்கே நீக்கினால்தான் இங்கே போகும்.

அழிக்கும் வசதியையே தராத சேவைகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட் அப்படிப்பட்டது. அதில் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிக் கணினியை ‘ஆஃப்போர்டு’ செய்யத்தான், அதாவது சேவையிலிருந்து விடுவிக்கத்தான் முடியும். அதன் பிறகு 7 நாள் தகவல் வராவிட்டால் ‘செயலற்றது’ என்ற நிலைக்குப் போகும், பதிவுகள் தக்கவைப்புக் காலம் முடியும்வரை கிடக்கும். பெயர் பட்டியலில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆஃப்போர்டு ஸ்கிரிப்ட் பழையதாக இருந்தால் வேலை செய்யாது. கோப்பின் பெயரிலேயே அது எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். போன முறை பதிவிறக்கி வைத்ததை எடுத்து ஓட்டுவதற்கு முன் அந்தத் தேதியைப் படியுங்கள்.

## ஏஜென்ட்டை நீக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது

இது பழுதில்லை, தீம்பொருள் நுழைந்து பாதுகாப்பை நீக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. டாஷ்போர்டில் அந்தக் கணினியின் பக்கத்தில் ‘டேம்பர் புரொடெக்‌ஷன்’ பகுதியைத் திறந்து கடவுச்சொல்லை எடுக்கலாம், அல்லது பூட்டை அங்கேயே அணைத்து, கணினி அந்த ஆணையை வாங்கும்வரை காத்திருக்கலாம். இந்தக் காரணத்துக்காகவே டாஷ்போர்டில் முதலில் அழிக்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன். பெயரை அழித்தால் அந்தப் பக்கமும் போகும், கடவுச்சொல்லும் கண்ணில் படாது.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? சோஃபோஸ் ஆன்டிவைரஸின் டாஷ்போர்டான சோஃபோஸ் சென்ட்ரலில் அழித்த கணினிகளின் கடவுச்சொற்களை மீட்கும் அறிக்கை ஒன்று பதிவுகள், அறிக்கைகள் பகுதியில் இருக்கிறது. மற்ற சேவைகளிலும் இதைப் போன்ற வழி உண்டா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் சேஃப் மோடுக்குப் போய்ச் சேவையை நிறுத்தி நீக்க வேண்டியிருக்கும். பிட்லாக்கர் குறியீடு இல்லாமல் அந்த வழியில் இறங்காதீர்கள். தொலைவில் இருப்பவரைத் தொலைபேசி வழியாக விண்டோஸின் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) திருத்தவைக்கவும் வேண்டாம். ஒரு வரி தவறினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம்.

சேவைக்கான சந்தா முடிந்து டாஷ்போர்டே திறக்கவில்லை என்றால் நிறுவனத்தின் உதவிக் குழுவை அழைப்பது ஒன்றே வழி. வாங்கிய ரசீதும் கணக்குக்குரிய மின்னஞ்சலும் கேட்பார்கள், தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் ‘பூட்டு உடைக்கும்’ கருவிகளை அலுவலகக் கணினியில் இறக்கக் கூடாது.

## நீக்கிய கணினி இன்னும் விபிஎன்னுக்குள் வருகிறது

வேலையை விட்டுப்போனவரின் கணினியில் இந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும்.

வயர்கார்டு விபிஎன்: அந்தக் கணினியின் சாவியைச் சர்வரின் அமைப்புக் கோப்பிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் விபிஎன் இடைமுகத்தின் நினைவில் அது இன்னும் இருக்கும். இடைமுகத்தை மறுபடி ஏற்றுங்கள், அல்லது ஓடும் நிலையிலேயே அந்தச் சாவியை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். நினைவிலிருந்து மட்டும் நீக்கிவிட்டுக் கோப்பை மறந்தால், சர்வர் அடுத்த முறை எழும்போது சாவியும் கூடவே எழும். கோப்பில் ‘சேவ்கான்ஃபிக்’ இயக்கத்தில் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: இடைமுகம் இறங்கும்போது நினைவில் உள்ளதைக் கோப்பின் மேல் எழுதிவிடும், நீங்கள் கையால் அழித்த சாவி திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட சர்வரில் நினைவிலிருந்து நீக்குவதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஓபன்விபிஎன்: சான்றிதழை ரத்துசெய்த பிறகு, ரத்துப் பட்டியலான சிஆர்எல் கோப்பைப் புதிதாக உருவாக்கி, சர்வர் படிக்கும் இடத்தில் வைத்தீர்களா? ரத்து மட்டும் செய்தால் சர்வருக்குத் தெரியாது. வைத்த பிறகும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அடுத்த சாவிப் பரிமாற்றம்வரை இருப்பார். இயல்பான அமைப்பில் அது 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். காத்திருக்க முடியாதென்றால் அந்த இணைப்பை நிர்வாக இடைமுகத்திலிருந்து துண்டியுங்கள்.

டெயில்ஸ்கேல் போன்ற வலைப்பின்னல்கள்: கணினியை நீக்கினாலும் அவருடைய பயனர் கணக்கு உயிரோடு இருந்தால் மறுபடி உள்நுழைந்து சேர்ந்துகொள்வார். கணக்கை முடக்குங்கள். அவர் உருவாக்கிய, பலமுறை பயன்படுத்தக்கூடிய சேர்க்கைச் சாவிகள் இருந்தால் அவற்றையும் ரத்துசெய்யுங்கள். சாவி 180 நாளில் தானாகக் காலாவதியாகுமே என்று விட்டுவிடாதீர்கள்; பயனரின் பெயருக்குப் பதிலாக ‘டேக்’ என்னும் அடையாளம் போட்ட கருவிகளுக்கு அந்தக் காலாவதி இயல்பாகவே அணைந்திருக்கும்.

## ஒருவரை நீக்கினேன், எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்

ஓபன்விபிஎன்னில் இதைப் பார்த்தால் சிஆர்எல் கோப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, கோப்பின் அனுமதி. பல அமைப்புகளில் சர்வர் தொடங்கியதும் தன் உரிமைகளைக் குறைத்துக்கொண்டு ‘நோபடி’ என்னும் பயனராக ஓடும். நீங்கள் முழு உரிமையுள்ள ரூட்டாக இருந்து வைத்த கோப்பை அந்தப் பயனரால் படிக்க முடியாவிட்டால் யாரையும் உள்ளே விடாது. கோப்பையும் அது இருக்கும் அடைவையும் படிக்கும்படி அனுமதியை மாற்றுங்கள்.

மற்றொன்று, சிஆர்எல்லுக்கே ஆயுள் உண்டு. சான்றிதழ்களை உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ கருவியில் இயல்பாக 180 நாள். முன்பு எப்போதோ ஒருவரை நீக்க உருவாக்கிய பட்டியல் இன்று காலாவதியானால், 2.4 பதிப்பு முதல் ஓபன்விபிஎன் எல்லோரையும் மறுக்கும். யாரையும் நீக்காத நாளிலும் இது நடக்கும் என்பதால் காரணம் புரியாமல் ஃபயர்வாலையும் இணைய இணைப்பையும் பலர் நோண்டுவார்கள். சர்வர் பதிவில் சிஆர்எல் காலாவதியானது என்று ஒரு வரி இருக்கும். பட்டியலைப் புதிதாக உருவாக்கி வையுங்கள், இணைப்புகள் திரும்பும். அடுத்த காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

## பட்டியலில் இருப்பது யாருடைய கணினி என்றே தெரியவில்லை

நீக்க உட்கார்ந்தால் இப்படி ஒரு பெயர் கண்ணில் படும். பாதி நேரம் அது பெயர் மாற்றிய பழைய கணினியாகவோ, விண்டோஸ் மறுபடி நிறுவியபோது தானாக வந்த பெயராகவோ இருக்கும். வரிசை எண்ணைச் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உள்நுழைந்த பயனரின் பெயரையும் பாருங்கள்.

பொருந்தவில்லையென்றால் அழிக்காதீர்கள். அழித்தால் அதனோடு பதிவுகளும் போகக்கூடும், பிறகு யார், எப்போது, எங்கிருந்து வந்தார் என்று சொல்லச் சான்று இருக்காது. அணுகலை மட்டும் துண்டியுங்கள்: தனிமைப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள், சாவியை முடக்குங்கள். திரையைப் படமெடுத்து, பதிவுகளைத் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள். கணினி கையில் கிடைத்தாலும் ஏஜென்ட்டை நீக்கவோ விண்டோஸை மறுபடி நிறுவவோ வேண்டாம். இந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்து, சம்பவ விசாரணையில் பழகியவர்களின் வேலை தொடங்குகிறது. நிறுவனம் இந்தியாவில் இருந்தால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு அனுமதியற்ற நுழைவு போன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அந்த 6 மணி நேரம் நீங்கள் அந்தப் பெயரைக் கண்டு சந்தேகித்த கணத்திலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆகவே படமெடுத்த கையோடு நிறுவனத்தில் அறிவிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.